போலீஸ் யாருடையது? போஸ்னியாவில் நின்றுபோன காவல்துறைச் சீர்திருத்தமும் வெளியார் பேச்சுவார்த்தையும்

தகடூர் வாசகன் (தருமபுரி) | ஞாயிறு காலை 7.50

எல்லோருக்கும் வணக்கம். நான்கு ரோடு பக்கம் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் வரலாறு எடுக்கிறேன். போன வாரம் போஸ்னியப் போரைச் சொல்லி முடித்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், சண்டை போட்ட ராணுவங்களையே ஒன்றாக்கிவிட்டார்கள் என்கிறீர்கள். போலீஸை மட்டும் ஏன் ஒன்றாக்க முடியவில்லை?" என்று கேட்டார். அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. ஒரு வாரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க இது நம் ஊருக்கும் நெருக்கமான விஷயமாகப் படுகிறது.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1992 முதல் 1995 வரை நடந்த போரில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் இறந்தார்கள். 1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் பேசி முடித்து, டிசம்பர் 14 அன்று பாரிஸில் கையெழுத்துப் போட்டார்கள். நாடு ஒன்று, உள்ளே இரண்டு பகுதிகள். போஸ்னிய முஸ்லிம்களும் குரோட்டியர்களும் சேர்ந்த கூட்டமைப்புக்கு 51 சதவீத நிலம், செர்பியர்களின் ரெபுப்ளிக்கா ஸ்ர்ப்ஸ்காவுக்கு 49 சதவீதம். கூட்டமைப்புக்குள் மறுபடியும் 10 மாநிலப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனி உள்துறை அமைச்சர், தனி போலீஸ்.

இது எவ்வளவு சின்ன நாடு என்று பாருங்கள். 2013 கணக்கெடுப்பில் போஸ்னியாவின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். நம் தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் கூட்டினால் 2011 கணக்கில் கிட்டத்தட்ட 34 லட்சம். இந்த இரண்டு மாவட்டத்துக்குள் பத்துப் பதினைந்து போலீஸ் துறைகள், ஒன்றுக்கு இன்னொன்று கட்டுப்படாமல் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே நிலைமை.

டேட்டன் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த ஒரு சர்வதேச உயர் பிரதிநிதி இருக்கிறார். 1997-இல் பான் நகரில் கூடிய நாடுகள் அவருக்குப் பெரிய அதிகாரம் கொடுத்தன. சட்டம் போடலாம், தேர்தலில் வென்றவரையும் பதவிநீக்கம் செய்யலாம். 2002 முதல் 2006 தொடக்கம் வரை அந்தப் பதவியில் இருந்தவர் பிரிட்டன் அரசியல்வாதி பேடி ஆஷ்டவுன் (டெல்லியில் பிறந்தவர்). 2004 ஜூன் 30 அன்று, போர்க்குற்றவாளிகளைப் பிடிக்க ஒத்துழைக்கவில்லை என்று ஸ்ர்ப்ஸ்காவில் 59 பேரை ஒரே நாளில் பதவிநீக்கினார். சில நாளில் போலீஸை மறுகட்டமைக்க ஒரு ஆணையம் அமைத்தார். தலைவர் பெல்ஜியத்தின் முன்னாள் பிரதமர் வில்ஃப்ரெட் மார்ட்டென்ஸ்.

ஐரோப்பிய ஒன்றியம் மூன்று கொள்கைகளை நிபந்தனையாக வைத்தது. காவல் தொடர்பான சட்டமும் பட்ஜெட்டும் மத்திய அரசிடம் இருக்க வேண்டும். அன்றாடப் போலீஸ் வேலையில் அரசியல் தலையீடு கூடாது. காவல் வட்டாரங்களின் எல்லையை அரசியல் கோட்டைப் பார்த்து வரையாமல் தொழில்முறைத் தேவையைப் பார்த்து வரைய வேண்டும். இவற்றை ஏற்காவிட்டால் ஒன்றியத்தில் சேர்வதற்கு முதற்படியான ஒப்பந்தம் கிடையாது என்றார்கள்.

2005-இல் விளாஷிச் மலையில் நாட்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். ஸ்ர்ப்ஸ்கா மறுத்தது. அக்டோபரில் அதன் நாடாளுமன்றம் மூன்றையும் ஏற்பதாகத் தீர்மானம் போட்டது, நவம்பரில் ஒன்றியத்தோடு பேச்சு தொடங்கியது. 2006-இல் மிலோராட் டோடிக் அங்கே பிரதமரானதும் எல்லாம் திரும்ப நின்றது.

உங்களிடம் கேட்க விரும்புவது ஒன்றுதான். வெளியார் இவ்வளவு அதிகாரத்தோடு உட்கார்ந்தும் ஏன் நடக்கவில்லை?

---

ஓய்வுபெற்ற காக்கி (பாலக்கோடு) | ஞாயிறு காலை 8.35

தம்பி, நல்ல கேள்வி. 34 வருடம் காக்கி போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லையில் வேலை பார்த்தவனுக்குத்தான் இதன் வலி தெரியும்.

வீரப்பன் காலம் நினைவிருக்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒகேனக்கல், அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலைக் காடு. தமிழ்நாட்டுக்கு ஒரு அதிரடிப்படை, கர்நாடகத்துக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன என்று பத்திரிகையில் வரும். தரையில் அப்படியா? இவர்களுக்குக் கிடைத்த தகவல் அவர்களுக்குப் போய்ச் சேர நாளாகும். மொழி வேறு, மேலதிகாரி வேறு, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை குறைவு. கடைசியில் 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டியில் அவர் கதை முடிந்தது தமிழ்நாட்டுப் படையின் கையில்.

ஆனால் நமக்கு ஒரு சட்டம் இருந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு. கைது செய்ய வேண்டியவனைத் துரத்திக்கொண்டு இந்தியாவுக்குள் எந்த ஊருக்கும் போகலாம். ஓசூரில் சங்கிலி அறுத்தவன் ஜூஜுவாடி தாண்டி அத்திபள்ளிக்குள் ஓடினால் நான் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. போஸ்னியாவில் இரண்டு பகுதிக்கும் நடுவே போகும் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் அவன் தப்பித்தான் என்றுதானே சீர்திருத்தம் கேட்டவர்கள் சொன்னார்கள்? அது உண்மையானால் அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

இன்னொன்று. ஐ.நா. அங்கே ஒரு போலீஸ் படை வைத்திருந்தது, இந்தியாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். என்னோடு பயிற்சி எடுத்த ஒருவர் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தார். கையில் துப்பாக்கி கிடையாது, கைது செய்யும் அதிகாரம் கிடையாது. உள்ளூர்ப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எழுத வேண்டும், அறிவுரை சொல்ல வேண்டும். "நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஒழுங்காக நடப்பார்கள், சாயங்காலம் நான் வண்டி ஏறியதும் பழையபடிதான்" என்பார்.

---

தகடூர் வாசகன் (தருமபுரி) | ஞாயிறு காலை 9.05

நன்றி ஐயா. கோடு நீங்கள் சொல்வதைவிட நெருக்கமானது. தலைநகர் சராயேவோவின் டோப்ரின்யா குடியிருப்புக்குள்ளேயே அந்தக் கோடு போகிறது. மத்தியில் எல்லைப் போலீஸ் ஒன்றும், சிபா என்ற புலனாய்வுப் படை ஒன்றும் இருக்கின்றன. அவற்றின் வேலை குறிப்பிட்ட குற்றங்களோடு சரி. தெருப் போலீஸ் எல்லாம் பகுதிகளிடம்தான்.

ராணுவம் எப்படி ஒன்றானது என்று தேடினேன். 2002-இல் ஸ்ர்ப்ஸ்காவின் ஒராவோ என்ற நிறுவனம் தடையை மீறி இராக்குக்கு விமான பாகங்கள் விற்றது வெளியே வந்தது. அந்த நெருக்கடியில் செர்பியத் தலைவர் ஒருவர் பதவி விலகினார், பேரம் பேசும் பலம் குறைந்தது. போர் முடிந்த நாட்டில் ராணுவத்துக்கு அன்றாட வேலையும் இல்லை, செலவு மட்டும்தான். 2006 ஜனவரி 1-இல் ஒரே ராணுவம் ஆகிவிட்டது. போலீஸ் அப்படி இல்லை. யாரைப் பிடிப்பது, யாரை விடுவது, எந்தக் கோப்பைத் தூசி படிய விடுவது என்று தினமும் முடிவெடுக்கும் கை அது. அதை எந்த அரசியல்வாதியும் சும்மா விட மாட்டார்.

---

ராயக்கோட்டை ரவுண்டானா | ஞாயிறு காலை 9.40

எனக்கு ஒரு சந்தேகம். ஆஷ்டவுனுக்குத்தான் சட்டம் போடும் அதிகாரமே இருந்ததே? ஏன் கெஞ்சிக்கொண்டிருந்தார்? கையெழுத்துப் போட்டு அமல்படுத்தியிருக்கலாம். பிர்ச்கோ என்ற ஊரில் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு தரப்பும் கேட்ட ஊர் அது, நடுவர் தீர்ப்பில் தனி மாவட்டமானது. அமெரிக்க மேற்பார்வையாளர் உட்கார்ந்து மூன்று இனத்தவரும் சேர்ந்த ஒரே போலீஸை 2000-இல் உருவாக்கினார். அது ஓடுகிறதே!

---

தகடூர் வாசகன் (தருமபுரி) | ஞாயிறு காலை 10.15

பிர்ச்கோ ஓடுவது உண்மைதான். ஆனால் அது ஒரு ஊர். அங்கே நீதிமன்றம், பள்ளிக்கூடம், பட்ஜெட் என்று எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். மேற்பார்வையாளர் வருடக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நாடு முழுக்க அப்படி உட்கார யாரும் தயாராக இல்லை.

ஆஷ்டவுன் திணிக்காததற்குக் காரணம், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடு தன் சட்டத்தைத் தானே போட வேண்டும் என்பது. வெளியார் கையெழுத்தில் வந்த போலீஸைக் காட்டி "நாங்கள் தயார்" என்று சொல்ல முடியாது. இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். நிபந்தனை வைத்தவரும் அவர்கள், பேச்சுவார்த்தை நடத்தியவரும் அவர்கள். நடுவில் உட்கார்ந்தவர் கையில் முன்கூட்டியே எழுதிய முடிவு இருந்தது. எதிரே இருப்பவர் அதை நடுவர் என்று எப்படி நம்புவார்?

---

அரூர் வழக்கறிஞர் | ஞாயிறு காலை 11.20

வாசகன் அண்ணா, நான் கொஞ்சம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். வெளியார் வந்ததால்தான் நியாயம் கிடைத்த ஒரு ஊர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த மலைக்கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். புகார் எழுதவே உள்ளூரில் ஆள் இல்லை. யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது, செய்தவரிடமேவா? 1995-இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்ட பிறகுதான் வழக்கு உயிர் பெற்றது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் அத்தனை பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. இடையில் 31 வருடம்.

நான் சட்டம் படிக்க வந்ததே அந்தப் பெண்கள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியதைப் பார்த்துத்தான். அதனால் வெளியார் என்றாலே தலையீடு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வெளியார் எதற்கு வந்தார்கள்? வாச்சாத்திக்கு வந்த சி.பி.ஐ. "தருமபுரிப் போலீஸ் இனி யாருக்குச் சொந்தம்" என்று கேட்கவில்லை. "அன்று இந்த ஆள் என்ன செய்தார்" என்று கேட்டது. அடையாள அணிவகுப்பு, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் மேலே போக ஒரு கதவு இருந்தது.

போஸ்னியாவில் ஐ.நா. உள்ளூர்ப் போலீஸ்காரர்களைச் சலித்து எடுத்தபோது நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சான்று மறுத்து வேலையை விட்டே அனுப்பியது. நோக்கம் நல்லது. ஆனால் அவர்கள் முறையிட ஒரு சுதந்திரமான நீதிமன்றம் கிடையாது. 2005-இல் ஐரோப்பாவின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையமே இது சரியல்ல என்றது. 2007-இல்தான் அவர்கள் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை வழிவிட்டது. சட்டத்தின் ஆட்சியைக் கற்றுக்கொடுக்க வந்தவர் தானே மேல்முறையீடு இல்லாமல் தண்டித்தால் உள்ளூர்க்காரர் எதைக் கற்றுக்கொள்வார்?

---

முகாம் பிள்ளை (ஊத்தங்கரை) | ஞாயிறு மதியம் 12.50

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். நான் இங்கே இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவன். அப்பா வவுனியா.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம். அதன் தொடர்ச்சியாக வந்த 13-ஆவது திருத்தத்தில் மாகாணங்களுக்குப் போலீஸ் அதிகாரம் என்று எழுதியே இருக்கிறது. இன்றுவரை ஒரு மாகாணத்துக்கும் அது கைக்கு வரவில்லை. 2023-இல்கூட அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, 13-ஐத் தருகிறேன், போலீஸ் அதிகாரத்தைத் தவிர்த்து, என்றார். அதுவும் வெளியார் நடுநிலையில் வந்த ஒப்பந்தம், நின்றுபோன காவல் சீர்திருத்தம். போஸ்னியாவைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அப்பா சொல்வார், 1980-களில் வீடு கொள்ளை போனதுக்கு ஸ்டேஷனில் தமிழில் சொன்னதை அவர்கள் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்களாம். என்ன எழுதியது என்று இன்றும் தெரியாது.

இப்போது என் சங்கடத்தைச் சொல்கிறேன். தமிழர்கள் கேட்டது எங்கள் மாகாணத்துக்கு எங்கள் போலீஸ். ஸ்ர்ப்ஸ்காவும் அதையேதான் சொல்கிறது, எங்கள் போலீஸை எங்களிடமே விடுங்கள் என்று. அப்படியானால் நான் டோடிக் பக்கமா நிற்க வேண்டும்? அண்ணா, இந்தக் கேள்விக்கு எனக்கு நேர்மையான பதில் வேண்டும்.

---

அரூர் வழக்கறிஞர் | ஞாயிறு மதியம் 1.40

தம்பி, இந்த இழையில் வந்ததிலேயே கனமான கேள்வி இது. மேலோட்டமாகப் பதில் சொல்லக் கூடாது என்று சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மாகாணத்துக்குப் போலீஸ் என்பது தன்னளவில் தப்பான கோரிக்கை இல்லை. நம் அரசியலமைப்பிலேயே போலீஸ் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. டேட்டனிலும் சட்டம் ஒழுங்கு பகுதிகளின் பொறுப்பு என்றுதான் எழுதியிருக்கிறது. ஸ்ர்ப்ஸ்கா தலைவர்கள் அதைச் சுட்டிக்காட்டினால் அது சட்டப்படி சரியான வாதம்.

ஆனால் ப்ரீயெடோர் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் அங்கே ஓமர்ஸ்கா போன்ற முகாம்களில் முஸ்லிம்களையும் குரோட்டியர்களையும் அடைத்துக் கொன்றார்கள். அந்த முகாம்களை நடத்தியதில் ஊர்ப் போலீஸுக்கு நேரடிப் பங்கு உண்டு. போலீஸ் தலைவராக இருந்த சிமோ த்ருல்யாச்சா, 1997-இல் கைது செய்யப் போன பிரிட்டிஷ் வீரர்களோடு நடந்த மோதலில் செத்தார். ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் ஏறத்தாழ 8 ஆயிரம் ஆண்களைக் கொன்றபோது அங்கே இருந்த சிறப்புப் போலீஸின் தளபதிக்கு ஹேக் நகரின் போர்க்குற்றத் தீர்ப்பாயம் 17 வருடம் கொடுத்தது. போர் முடிந்து ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டியது அதே சீருடையின் ஸ்டேஷனில்.

வாச்சாத்திப் பெண்கள் அரூர் ஸ்டேஷனுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே எனக்கு வேறுபாடு இங்கே தெரிகிறது. போலீஸ் மாகாணத்திடம் இருக்கிறதா மத்தியிடம் இருக்கிறதா என்பது இரண்டாவது. அந்த எல்லைக்குள் சிறுபான்மையாக இருப்பவன் அந்த ஸ்டேஷனுக்குள் பயமில்லாமல் நுழைய முடிகிறதா என்பது முதலாவது. வடக்கில் தமிழனுக்கு அந்தப் பயம், ப்ரீயெடோரில் முஸ்லிமுக்கு அந்தப் பயம். நீங்கள் டோடிக் பக்கம் நிற்க வேண்டாம். வடக்கு மாகாணப் போலீஸ் ஒருநாள் வந்தால், அங்கே வாழும் முஸ்லிமும் சிங்களவரும் அதில் சேர்ந்து, அதனிடமே புகார் சொல்ல முடியும்படி கேளுங்கள்.

---

ஓசூர் லாரி (டி.என். 70) | ஞாயிறு மாலை 4.10

பெரிய விஷயமெல்லாம் பேசுகிறீர்கள், எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வேலைக்கு உயிரே நம்பர் பிளேட்தான்.

2016 செப்டம்பர் 12. காவிரித் தண்ணீர் விட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு பெங்களூரில் டி.என். என்று போட்ட வண்டி எல்லாம் எரிந்தது. என் டிரைவர் தக்காளி லோடோடு பொம்மனஹள்ளி தாண்டிக்கொண்டிருந்தார். ஒரு கர்நாடகப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, ஒரு குடோன் கேட்டைத் திறக்கச் சொல்லி வண்டியை உள்ளே விட்டு, பிளேட் மேல் கோணிப்பையைக் கட்டச் சொன்னாராம். இரவு முழுக்க அங்கேயே. மறுநாள் டிரைவர் அத்திபள்ளி வரை நடந்து வந்து எல்லை தாண்டினார். அந்தப் போலீஸ்காரர் பேரு ஊரு தெரியாது. அவரை நினைத்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் அன்று அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றும். நல்ல மனுஷன் ஒருத்தர் கிடைப்பார் என்று நம்பி யாரும் லோடு ஏற்ற முடியாது.

வாசகன் சார் போனில் சொன்னார், போஸ்னியாவிலும் இதே பிரச்சினை இருந்தது, நம்பர் பிளேட்டிலேயே இனம் தெரியும் என்று. அதை எப்படித் தீர்த்தார்கள் என்று இங்கேயே எழுதச் சொன்னேன்.

---

தகடூர் வாசகன் (தருமபுரி) | ஞாயிறு மாலை 5.00

எழுதிவிடுகிறேன் அண்ணா. போர் முடிந்தபோது மூன்று வகை பிளேட். குரோட்டியர் பகுதியில் ஒரு சின்னம், போஸ்னிய முஸ்லிம் பகுதியில் லில்லிப் பூ, செர்பியர் பகுதியில் சிரிலிக் எழுத்து. கோட்டைத் தாண்டினால் எந்த இனம் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். போலீஸ் நிறுத்தும், கல் விழும். மக்கள் காரை எடுக்கவே பயந்தார்கள்.

1998-இல் அப்போதைய உயர் பிரதிநிதி கார்லோஸ் வெஸ்டன்டார்ப், நாடு முழுக்க ஒரே பிளேட் என்று அறிவித்தார். லத்தீனிலும் சிரிலிக்கிலும் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகள் மட்டும்: ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி. ஊர்ப் பெயர் கிடையாது, இனச் சின்னம் கிடையாது. சில மாதத்தில் சாலைகள் திறந்துகொண்டன. அந்த நாட்டில் வெளியார் செய்ததில் இதைவிட நன்றாக வேலை செய்தது வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

என்ன செய்தார்கள் பாருங்கள். போலீஸ் யாருடையது என்ற கேள்விக்குள்ளேயே போகவில்லை. போலீஸ்காரர் ஒருவனைத் தேர்ந்தெடுத்து நிறுத்த உதவிய அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

---

ஓய்வுபெற்ற காக்கி (பாலக்கோடு) | ஞாயிறு மாலை 6.20

காலையில் ஒரே போலீஸாக்குவதே சரி என்று எழுதினேன். வழக்கறிஞர் அம்மா எழுதியதைப் படித்தபின் அதில் கொஞ்சம் திருத்தம்.

வாச்சாத்தி சம்பந்தப்பட்டவர்களில் எனக்கு முகம் தெரிந்தவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் எங்களுக்குள் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். பேசினால் நம் ஆளைக் காட்டிக்கொடுக்கிறான் என்பார்கள். நானும் பேசவில்லை. இது எனக்கு இப்போதும் உறுத்துகிறது. எந்த அமைப்பாக இருந்தாலும், மத்தியோ மாநிலமோ, உள்ளே இருப்பவன் வாய் திறக்க வழி இல்லை என்றால் ஒன்றும் மாறாது. சீருடையை ஒன்றாக்கினால் மட்டும் அது வராது.

ஆனாலும் எல்லை தாண்டித் துரத்தும் அதிகாரம் வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன்.

---

காவேரிப்பட்டணம் டு பெல்ஃபாஸ்ட் | ஞாயிறு இரவு 9.30

ட்யூட்டி முடித்து இப்போதுதான் பார்க்கிறேன். நான் இங்கே வட அயர்லாந்தில் 11 வருடமாக நர்ஸ். இந்த ஊர்க் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கே இருந்த பழைய போலீஸ் ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி. பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட்களுக்கும் அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கர்களுக்கும் மோதல் நடந்த காலம். கத்தோலிக்கர்கள் அதில் 8 சதவீதம்தான். கத்தோலிக்கப் பகுதிகளில் அது எதிரிப் படை. மறுபக்கம் அந்தப் படையில் 302 பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள், அவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் பெயரும் சின்னமும் உயிர். 1998 ஏப்ரல் 10 சமாதான ஒப்பந்தத்தில் இந்த முடிச்சை அங்கேயே அவிழ்க்கப் பார்க்கவில்லை. தனி ஆணையத்திடம் கொடுத்தார்கள். தலைவர் கிறிஸ் பேட்டன். (பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவு ஆணையர். போஸ்னிய நிபந்தனைகள் உருவான காலத்தில் அங்கே இருந்தவரும் அவரே.)

அந்த ஆணையம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. 10 ஆயிரத்துக்கும் மேல் மக்கள் வந்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாராம். கணவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது என்று ஒரு பெண்ணும், போலீஸ்காரக் கணவனை வெடிகுண்டில் இழந்தேன் என்று இன்னொரு பெண்ணும் ஒரே மண்டபத்தில் எழுந்து பேசினார்களாம். அதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் மாறும்.

1999 செப்டம்பரில் 175 பரிந்துரைகள். 2001 நவம்பரில் பெயர் மாறியது, 2002-இல் சின்னமும் மாறியது. புதுச் சின்னத்தில் கிரீடமும் இருக்கிறது, ஐரிஷ் யாழும் இருக்கிறது, மூவிலைத் தழையும் இருக்கிறது. ஒருவர் அடையாளத்தைத் துடைத்துவிட்டு இன்னொருவருடையதை வைக்கவில்லை. 10 வருடம் ஆளெடுப்பில் பாதிக்குப் பாதி கத்தோலிக்கர். 2011-க்குள் 30 சதவீதம் அளவுக்கு வந்தது. புகார்களை விசாரிக்கப் போலீஸுக்கு வெளியே தனி அலுவலகம். பரிந்துரைகளில் எத்தனை நடந்தது என்று எண்ண முதலில் ஒரு அமெரிக்கரையும் பிறகு ஒரு கனடியரையும் வைத்தார்கள். வெளியார் வேலை இங்கே பெரும்பாலும் அதுதான்: எண்ணிப் பார்த்து, நடக்காததை எல்லோர் முன்னும் சொல்வது.

அப்படியும் ஐரிஷ் தேசியவாதக் கட்சியான ஷின் ஃபெய்ன் போலீஸை ஏற்றுக்கொள்ள 2007 ஜனவரி வரை ஆனது. போலீஸ் அதிகாரம் உள்ளூர் அரசுக்கு வந்தது 2010 ஏப்ரலில். ஒப்பந்தத்திலிருந்து 12 வருடம். இப்போதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கத்தோலிக்க எண்ணிக்கை அதே இடத்தில் நின்றுவிட்டது, சேரும் பிள்ளைகளுக்கு மிரட்டலும் இருக்கிறது.

---

முகாம் பிள்ளை (ஊத்தங்கரை) | ஞாயிறு இரவு 10.05

அக்கா, அந்த மண்டபத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்களை யார் அப்படி உட்கார வைத்துக் கேட்டார்கள்" என்றார்.

வழக்கறிஞர் அக்காவின் பதிலையும் இரண்டு தடவை படித்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "யாருடைய போலீஸ்" என்பது இரண்டாவது கேள்வி என்று, ஏற்கெனவே தன் மொழி பேசும் போலீஸ் இருப்பவர் சுலபமாகச் சொல்லலாம். எங்களுக்கு அது இன்னும் முதல் கேள்வியாகத்தான் இருக்கிறது.

---

அரூர் வழக்கறிஞர் | ஞாயிறு இரவு 10.20

சரி தம்பி. அந்த இடத்தில் நீங்கள் சொல்வதே சரி.

---

தகடூர் வாசகன் (தருமபுரி) | திங்கள் காலை 6.10

போஸ்னியாவில் அப்புறம் என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் இழை பாதியில் நிற்கும்.

2007-இல் புதிய உயர் பிரதிநிதி மிரோஸ்லாவ் லாய்ச்சாக் மறுபடி முயன்றார். மத்திய அரசில் முடிவெடுக்கும் விதிகளை அக்டோபரில் மாற்றினார், பிரதமர் நிகோலா ஷ்பிரிச் நவம்பர் 1-இல் பதவி விலகினார், நாடே ஆட்டம் கண்டது. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் கடைசியில், மொஸ்டாரில் தலைவர்கள் ஒரு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2008 ஏப்ரலில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒருங்கிணைப்பு இயக்குநரகம், தடயவியல், பயிற்சி, ஆதரவுப் பணிகளுக்குப் புதிய மத்திய அமைப்புகள். பகுதிகளின் போலீஸ் தொடப்படவே இல்லை. அதை அரசியலமைப்புச் சீர்திருத்தம் வரும்போது பார்ப்போம் என்று தள்ளினார்கள். ஒன்றியம் அதையே போதுமென்று ஏற்று 2008 ஜூன் 16-இல் ஒப்பந்தம் போட்டது.

மூன்று வருடம் "இது இல்லாமல் கதவு திறக்காது" என்ற கொள்கைகள் இல்லாமலேயே கதவு திறந்தது. பொறுத்திருந்தால் வெளியாரே இறங்கி வருவார்கள் என்று அங்கிருந்த தலைவர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம். அந்த மூன்று வருட உழைப்பைப் புகார்களை விசாரிக்கும் தனி அலுவலகத்துக்கும், சிறுபான்மையினரை ஆளெடுப்பதற்கும், எல்லை தாண்டித் துரத்தும் சட்டத்துக்கும் செலவிட்டிருந்தால் ப்ரீயெடோருக்குத் திரும்பி வந்த ஒரு குடும்பத்துக்காவது பயன்பட்டிருக்கும்.

விளைவு 2025-இல் தெரிந்தது. உயர் பிரதிநிதியின் முடிவுகளை மீறியதற்காக பிப்ரவரியில் டோடிக்குக்குத் தண்டனை கிடைத்தது. மறுநாளே ஸ்ர்ப்ஸ்கா நாடாளுமன்றம் மத்திய போலீஸும் நீதிமன்றமும் தங்கள் பகுதியில் செயல்படக் கூடாது என்று சட்டம் போட்டது, அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஏப்ரலில் சிபா அதிகாரிகள் கிழக்கு சராயேவோவில் அவரைக் கைது செய்யப் போனபோது ஸ்ர்ப்ஸ்கா போலீஸ் ஆயுதத்தோடு குறுக்கே நின்றது. ஒரே நாட்டின் இரண்டு போலீஸ், எதிரெதிரே. நல்லவேளை யாரும் சுடவில்லை.

இன்று மாலை வகுப்பில் அந்த மாணவிக்கு இதையெல்லாம் சொல்லப் போகிறேன். அவர் எதற்குப் படிக்கிறார் என்று நேற்றுத்தான் கேட்டேன். சீருடைப் பணியாளர் தேர்வுக்காம், பெண் காவலர் ஆக வேண்டுமாம். ஊர், சித்தேரி மலையடிவாரம்.

---

ஓய்வுபெற்ற காக்கி (பாலக்கோடு) | திங்கள் காலை 6.45

அந்தப் பெண்ணிடம் என் நம்பரைக் கொடுங்கள் தம்பி. எழுத்துத் தேர்வை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். ஓட்டமும் நீளம் தாண்டுதலும் நான் சொல்லித் தருகிறேன். தனியாக வரத் தயங்கினால் அவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டும். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பேன்.